சமன்பாட்டில் பைலட்டுக்கு வரி இல்லை

விமானத்தின் பறக்கும் குணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் தொழில். எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு எடை தூக்கும், எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்பதெல்லாம் வேறு பிரிவுகளின் தலைவலி. பைலட் ஸ்டிக்கை அசைத்தால் விமானம் அவர் நினைத்த அளவுக்கு, நினைத்த நேரத்தில் திரும்புகிறதா? திரும்பிய பிறகு அடங்குகிறதா, ஆடிக்கொண்டே இருக்கிறதா? அதை ஓட்டுவதில் அவருடைய கவனம் எவ்வளவு செலவாகிறது? எங்கள் பிரிவு பார்த்தது இவற்றைத்தான். பெங்களூரில் வேலை வாழ்க்கை முழுவதும் இதிலேயே கழிந்தது.

பிறந்தது வட்டவளை, கரோலினா தோட்டத்து லயத்தில். ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர். நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ரயில் அங்கே நிற்கும். மேலே எந்நேரமும் மப்பு என்பதால் விமானத்தைப் பார்த்ததைவிட அதன் சத்தத்தைக் கேட்டதே அதிகம். 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்த மார்ட்டின் ஏர் நிறுவனத்தின் டிசி-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னிமலையில் மோதியது. பயணிகள் 182 பேர், ஊழியர்கள் 9 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. காலையில் தோட்டத்து ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பல நாட்களுக்கு இதே பேச்சு. பிளேன் கெட்டுப்போய் விழுந்துவிட்டது என்றுதான் எங்கள் லயத்தில் எல்லாரும் நம்பினார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அந்த எண்ணுக்குள் எங்கள் குடும்பமும் இருந்தது. எழுபதுகளின் பிற்பாதியில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாம், அங்கிருந்து கூடலூர் பக்கத்தில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம். தேயிலை அதே தேயிலை. கூலி மட்டும் வேறு ரூபாயில் வந்தது. கோவையில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்ஸ் சேர்ந்தேன். எண்பதுகளின் கடைசியில் பெங்களூர்.

முதலில் கையில் கொடுக்கப்பட்டது ஆறு சமன்பாடுகள். விமானத்தை வளையாத ஒரே கட்டியாக எடுத்துக்கொண்டால் அது மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். நகர்வுக்கு மூன்று, திருப்பத்துக்கு மூன்று. இடது பக்கம் நியூட்டன்: நிறை, முடுக்கம், சுழல் தடை. வலது பக்கம் காற்று, என்ஜின், எடை. நியூட்டன் பக்கத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. தொழில் முழுவதும் வலது பக்கத்தில் இருக்கிறது, ஏனென்றால் காற்று விமானத்தை எப்படித் தள்ளும் என்பதற்கு முழு விடை யாரிடமும் கிடையாது.

இதற்கு வழி காட்டியவர் ஜி.எச். பிரையன் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர். ரைட் சகோதரர்கள் பறந்து எட்டு ஆண்டுகள்கூட ஆகாத 1911இல் விமானங்களின் நிலைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் செய்த காரியம் எளிமையானது. விமானம் நிதானமாக, சமநிலையில் பறந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள். அதைச் சிறிதளவு கலைத்துப் பார். வேகம் கொஞ்சம் கூடினால் தூக்குவிசை எவ்வளவு மாறும், மூக்கு கொஞ்சம் நிமிர்ந்தால் எந்தப் பக்கம் திருப்புவிசை வரும் என்று ஒவ்வொரு கலைவுக்கும் ஒரு குணகம் போடு. அவ்வளவுதான். இன்று கணினியில் ஓடும் நேர்கோட்டுப் பகுப்பாய்வின் எலும்புக்கூடு அதே பிரையனுடையது. விமானம் இடமும் வலமும் ஒரே மாதிரி இருப்பதால் ஆறு சமன்பாடும் மூன்று மூன்றாகப் பிரிந்துவிடுகின்றன. மேலும் கீழுமான அசைவு ஒரு குடும்பம், பக்கவாட்டு அசைவு இன்னொரு குடும்பம். ஒன்றைப் பார்க்கும்போது மற்றதை மறந்துவிடலாம். முதல் வருடம் முழுவதும் எனக்கு வேலையே அந்தக் குணகங்களின் அட்டவணையைத் தயாரிப்பதுதான்.

அட்டவணையில் எல்லாக் குணகங்களும் ஒரே தகுதி உள்ளவை அல்ல. தாக்குகோணம், அதாவது எதிர்க்காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம், ஏறும்போது மூக்கைத் திருப்பும் குணகம் ஒன்று இருக்கிறது. அதன் குறி எதிர்மறையாக இருந்தால், மூக்கு நிமிர்ந்ததும் விமானம் தானாகவே அதைக் கீழே கொண்டுவரும். குறி நேர்மறையானால், நிமிர்ந்த மூக்கு மேலும் நிமிரும். இந்தக் குறியை முடிவு செய்வது பெரும்பாலும் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதே. இதை எனக்குப் புரியவைத்தது எந்தப் பேராசிரியரும் இல்லை, என் அம்மாவின் கொழுந்துக் கூடைதான். தலையில் கயிற்றை மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். கூடை நிறைய நிறைய உடம்பு முன்னால் சாயும். சாயாவிட்டால் சரிவில் மல்லாந்து விழ வேண்டியதுதான். விமானத்திலும் எடை பின்னால் போகப் போகத் தானாகத் திரும்பும் குணம் குறைந்துகொண்டே வரும். நடுநிலைப் புள்ளியை ஈர்ப்பு மையம் தாண்டிவிட்டால் நிமிர்ந்த மூக்கைப் பிடித்து இறக்க ஓர் ஆள் ஓயாமல் முயன்றுகொண்டிருக்க வேண்டும்.

சமன்பாடுகளைத் தீர்த்தால் விமானத்தின் சொந்த ஆட்டங்கள் வெளியே வரும். மேல்கீழ்க் குடும்பத்தில் இரண்டு. ஒன்று மெதுவானது, பெயர் ஃபுகாய்ட். விமானம் மெல்ல ஏறி வேகம் இழக்கும், பிறகு இறங்கி வேகம் பிடிக்கும், மறுபடி ஏறும். இதன் அலைநேரத்தை லான்செஸ்டர் 1908இலேயே எழுதிவிட்டார். பறக்கும் வேகத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து 4.44ஆல் பெருக்கு, அவ்வளவே. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கு ஏறக்குறைய 25 வினாடி, 360 கிலோமீட்டர் வேகத்தில் 45 வினாடி. விமானத்தின் எடையோ இறக்கையின் அளவோ இந்தக் கணக்கில் கிடையாது. இத்தனை பெரிய அலைநேரம் இருப்பதால் பைலட்டுக்கு அது ஒரு பொருட்டாகவே படாது. போகிற போக்கில் திருத்திவிடுவார்.

இன்னொன்று வேகமானது. மூக்கு சட்டென்று ஆடி ஓரிரு வினாடியில் அடங்கும். பைலட்டுக்கு விமானம் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதைத் தீர்மானிப்பது இதுதான், ஏனென்றால் அவருடைய கை வேலை செய்யும் வேகமும் இதன் வேகமும் ஒன்று. பக்கவாட்டில் மூன்று ஆட்டங்கள். உருளல் எவ்வளவு விரைவில் நிலைக்கு வரும் என்பது ஒன்று. ஒரு பக்கம் சாய்ந்த விமானம் மெதுவாகச் சுருண்டு இறங்குமா என்பது இன்னொன்று. மூன்றாவது டச் ரோல்: வாலும் இறக்கையும் மாறி மாறி ஆடும் ஆட்டம். பின்னிருக்கைப் பயணிக்கு வாந்தி வரவழைப்பது பெரும்பாலும் இதன் வேலை.

காகிதத்தில் கிடைத்த குணகமும் வானத்தில் இருக்கும் குணகமும் ஒன்றா என்று பார்ப்பது அடுத்த கட்டம். பெங்களூரில் தேசிய வான்வெளி ஆய்வகம், அதாவது என்.ஏ.எல்., 1967 முதல் நடத்திவரும் 1.2 மீட்டர் ட்ரைசானிக் விண்ட் டனல் இருக்கிறது. அடைத்துவைத்த அழுத்தக் காற்றை ஒரே மூச்சில் திறந்துவிடும் வகை. ஒரு முறை ஊதினால் ஒரு நிமிடம்கூட நிற்காது. அதற்குள் மாதிரியின் கோணத்தை மாற்றி விசைகளை அளந்துவிட வேண்டும். அந்த அளவுகள் அட்டவணைக்குள் போகும். பிறகு விமானம் பறந்து வந்ததும் அட்டவணையைத் திருத்துவோம்.

திருத்துவது எப்படி என்று கிட்டத்தில் காட்டுகிறேன். பைலட்டை ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் நிலையாகப் பறக்கச் சொல்வோம். பிறகு ஸ்டிக்கை ஒரு வினாடி பின்னால், ஒரு வினாடி முன்னால், மீண்டும் நடுவில். இதற்கு டப்லெட் என்று பெயர். இன்னும் நுணுக்கமான ஒன்று 3-2-1-1: மூன்று பங்கு நேரம் ஒரு பக்கம், இரண்டு பங்கு எதிர்ப்பக்கம், பிறகு ஒரு பங்கு, ஒரு பங்கு. மெதுவான அலையிலிருந்து வேகமான அலை வரை பலவற்றை ஒரே அசைவில் தட்டி எழுப்பிவிடும் கணக்கு அது. தரையில் எங்களுக்குக் கிடைப்பது நீளமான வரைபடம். மேலே ஸ்டிக்கின் கோடு, அதற்குக் கீழே சுக்கானின் கோடு, அதற்கும் கீழே மூக்கு திரும்பும் வேகம், தாக்குகோணம், முடுக்கம். சமன்பாடு சொன்ன கோட்டை மேலே வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஒட்டி ஓடினால் அந்த இடம் சரி. முதல் சரிவு ஒட்டி, இரண்டாவது முகட்டில் பிரிந்தால் ஆட்டத்தை ஒடுக்கும் குணகத்தில் சந்தேகம். ஆரம்பத்திலேயே பிரிந்தால் சுக்கானின் வலிமையில் சந்தேகம். பழகிய கண் கணினிக்கு முன்னாலேயே சந்தேகத்தைச் சொல்லிவிடும். கணினி அளவைச் சொல்லும்.

இப்படி ஆறு சமன்பாடும் சீராகிவிட்ட விமானத்தைப் பைலட் திட்டிக்கொண்டே இறங்கி வருவார். ஏன் என்று தொடக்கத்தில் எனக்குப் புரியவில்லை. எங்கள் வரைபடத்தில் எல்லாம் ஒட்டித்தான் இருக்கும். அப்போது எனக்கு மேலே இருந்த அதிகாரி சொன்னார், "தம்பி, அந்த ஆறு வரியில் பைலட்டுக்கு ஒரு வரி இருக்கா, பாரு." இல்லை. சுக்கானின் கோணம் இருக்கிறது, அதைத் திருப்பும் கை இல்லை. பறக்கும் குணம் என்பது விமானத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. கண் பார்க்கிறது, கை திருத்துகிறது, விமானம் நகர்கிறது, மறுபடி கண் பார்க்கிறது. இந்த வளையம் மூடும்போதுதான் குணம் பிறக்கிறது. மூடாத வளையத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும் விமானம், மூடிய வளையத்தில் முரண்டு பிடிக்கலாம்.

பைலட்டின் 'நல்லா இருக்கு', 'சரியில்லை' இரண்டையும் அளவுகளாக மாற்றும் முயற்சிக்கு நெடுங்கதை உண்டு. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் கில்ருத் பல விமானங்களைப் பறக்கவிட்டு, பைலட்டுகள் விரும்பும் விமானத்தில் எந்த அளவு எங்கே நிற்கிறது என்று எழுதினார். பின்னாளில் ஹூஸ்டன் விண்வெளி மையத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1969இல் ஜார்ஜ் கூப்பரும் ராபர்ட் ஹார்ப்பரும் இன்றைக்கும் நாங்கள் கையாளும் அளவுகோலைத் தந்தார்கள். பைலட்டிடம் மூன்று கேள்விகள். விமானம் கட்டுப்பாட்டில் நிற்கிறதா? தாங்கக்கூடிய உழைப்பில் வேலை முடிகிறதா? திருத்தாமலே திருப்தியா? பதில்களின் வழியே போனால் 1 முதல் 10 வரை ஓர் எண். 1 என்றால் குறையே இல்லை. 10 என்றால் எங்கோ ஓரிடத்தில் விமானம் கையை விட்டுப் போய்விடும். 1980இல் திருத்தி வெளியான அமெரிக்க ராணுவ விதிமுறை 8785சி, இந்த எண்களையும் சமன்பாட்டின் விடைகளையும் இணைத்தது. முதல் தரம் வேண்டுமானால் சண்டைக்கும் தரையிறக்கத்துக்கும் வேகமான ஆட்டத்தின் ஒடுக்க விகிதம் 0.35க்குக் குறையக்கூடாது. ஃபுகாய்டுக்கு 0.04 போதும். பைலட்டின் கட்டளைக்கும் விமானத்தின் பதிலுக்கும் இடையிலான தாமதம் 0.10 வினாடிக்குள் இருக்க வேண்டும். 0.20ஐத் தொட்டால் இரண்டாம் தரத்தின் எல்லை.

அந்தத் தாமதம்தான் என் தொழிலில் நான் அதிகம் மல்லுக்கு நின்ற எதிரி. ஒரு சிமுலேட்டர் அமர்வு நினைவில் இருக்கிறது. விமானத்தின் பெயர் வேண்டாம். ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் விலகி வந்து, கடைசி நேரத்தில் நேராக்கி, குறித்த புள்ளியில் இறக்க வேண்டும் என்பது வேலை. பைலட்டின் பதற்றத்தை வேண்டுமென்றே ஏற்றும் வேலை அது. சும்மா பறந்தபோது எல்லாம் சுகம். நேராக்கும் இடத்தில் மூக்கு மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. பைலட் அதை அடக்கப் பார்க்க, ஆட்டம் கூடியது. கையை எடுத்ததும் நின்றுவிட்டது. இறங்கி வந்து அவர் சொன்னார், "தொட்டதும் போக மாட்டேங்குது சார். யோசிச்சிட்டுப் போகுது. நான் இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், அப்ப ரெண்டும் சேர்ந்து வருது."

வரைபடத்தை விரித்து அடிக்கோலை வைத்தோம். ஸ்டிக்கின் முகட்டுக்கும் மூக்கின் முகட்டுக்கும் நடுவே இருக்க வேண்டியதைவிட அகலமான இடைவெளி. எந்த ஒரு பகுதியும் தனியாகக் குற்றவாளி இல்லை. ஸ்டிக் சிக்னலை மென்மையாக்கும் வடிப்பான் கொஞ்சம் தின்றது. கணினியின் கணக்குச் சுற்று கொஞ்சம். சுக்கானைத் தள்ளும் ஹைட்ராலிக் கொஞ்சம். எல்லாவற்றையும்விட அதிகம் தின்றது அதிர்வைத் தடுக்கும் நாட்ச் வடிப்பான். விமானம் உண்மையில் வளையாத கட்டி கிடையாதே. உடலும் இறக்கையும் அதிரும், அந்த அதிர்வைச் சென்சார் விமானத்தின் அசைவு என்று எண்ணிக் கணினிக்குச் சொல்லும், கணினி சுக்கானை ஆட்டும், அதிர்வு பெருகும். அதைத் தடுக்கக் கட்டமைப்புப் பிரிவு ஆழமான வடிப்பான் கேட்கும். ஆழம் கூடக் கூடத் தாமதம் கூடும். அவர்களுக்கு இறக்கை பத்திரம், எங்களுக்குப் பைலட் பத்திரம். பல கூட்டங்களுக்குப் பிறகு, தரையில் விமானத்தை அதிரவைத்து எடுத்த புது அளவுகளைக் கொண்டு வடிப்பானின் அகலத்தைச் சுருக்கினார்கள். நாங்கள் ஸ்டிக் வடிப்பானைத் திருத்தினோம். மில்லிவினாடி மில்லிவினாடியாகப் பேரம் பேசி வாங்கிய இடம் அது. அடுத்த அமர்வில் அதே பைலட் அதே இடத்தில் நேராக்கி இறக்கிவிட்டு எதுவும் சொல்லாமல் டீ கேட்டார்.

இது சிமுலேட்டரில் நடந்தால் டீயோடு போகும். வானத்தில் நடந்தால் அப்படி முடியாது. ஸ்வீடனின் கிரிப்பென் போர்விமானத்தின் முதல் மாதிரி, 1989 பிப்ரவரி 2 அன்று தன் ஆறாவது பறத்தலில் தரையிறங்கும்போது ஆடத் தொடங்கி ஓடுபாதையில் கவிழ்ந்தது. 1993 ஆகஸ்ட் 8 அன்று ஸ்டாக்ஹோம் நகரத் திருவிழாவில், கூட்டத்துக்கு மேலே, அதே வகை விமானம் மீண்டும் கையை விட்டுப் போனது. இரண்டிலும் ஓட்டியவர் லார்ஸ் ரோடெஸ்ட்ரோம். இரண்டிலும் பிழைத்தார். இடையில் 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒய்எஃப்-22, ஓடுபாதைக்கு மேலே தாழ்வாகப் பறக்கையில் ஆடி வயிற்றால் தரையைத் தேய்த்தது. மூன்றும் கணினி வழிப் பறக்கும், காகிதத்தில் அருமையான விமானங்கள். பைலட் வேகமாகக் கேட்ட அளவுக்குச் சுக்கான் ஓடவில்லை என்பது இவற்றில் பொதுவான வேர். சுக்கானின் ஓட்டத்துக்கு ஒரு உச்ச வேகம் உண்டு. அதைத் தொட்டுவிட்டால் தாமதம் திடீரென்று பெருகும். நேர்கோட்டுச் சமன்பாட்டில் அந்த உச்சம் தெரியாது.

பைலட்டுக்கு ஒரு வரி எழுதியவரும் இருக்கிறார். டுவேன் மக்ரூயர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1960களில் மனிதக் கையை ஒரு சமன்பாடாக்கினார். அவருடைய முடிவு இன்றைக்கும் வியப்புத் தருகிறது. விமானம் எப்படிப்பட்டதானாலும், பைலட் தன்னை மாற்றிக்கொண்டு, விமானமும் தானும் சேர்ந்த மொத்தத்தை ஏறக்குறைய ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார். மந்தமான விமானத்தில் முன்கூட்டியே இழுக்கிறார், துடியான விமானத்தில் கையை மெதுவாக்குகிறார். மோசமான விமானத்தைக்கூட நல்ல பைலட் சமாளித்துக் காட்டிவிடுவார் என்பதுதான் இதன் ஆபத்து. முடிவை மட்டும் பார்த்தால் குறை தெரியாது. அவர் எவ்வளவு உழைத்தார் என்று கேட்க வேண்டும்.

இந்த அறிவெல்லாம் எங்கள் பக்கம் சேர்ந்து வேலை செய்த இடம் தேஜஸ் என்ற இந்தியப் போர்விமானம். 1984இல் ஏடிஏ என்ற விமான மேம்பாட்டு முகமை தொடங்கி, கோட்டா ஹரிநாராயணாவின் தலைமையில் திட்டம் நடந்தது. கிடைவால் இல்லாத முக்கோண இறக்கை, வேண்டுமென்றே நிலைப்புக் குறைத்த வடிவம். நான் முன்னே சொன்ன குணகத்தின் குறியை இங்கே தெரிந்தே தவறான பக்கத்தில் வைத்தார்கள். சுருக்கமான உடல், குறைந்த இழுவை, சட்டென்று திரும்பும் வேகம் எல்லாம் அதற்குக் கிடைத்த கூலி. விலை, கணினி ஒரு கணம்கூடத் தூங்கக்கூடாது. அதனால் ஒரே கணக்கை நான்கு வழிகள் தனித்தனியே போட்டு ஒன்றையொன்று சரிபார்க்கும் அமைப்பு. அந்தக் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியது 1992இல் உருவான தேசியக் கட்டுப்பாட்டு விதிக் குழு. என்.ஏ.எல்.லின் ஷ்யாம் செட்டி தலைமை வகித்தார்.

அந்தக் குழு எழுதிய விதிகளை 1996இல் அமெரிக்காவில் விஸ்டா எஃப்-16 என்ற விமானத்தில் ஏற்றிப் பறக்கவிட்டார்கள். அந்த விமானத்தின் சிறப்பு, தன் குணத்தை மாற்றிக்கொண்டு இன்னொரு விமானம் போல நடிக்கும். பிறக்காத தேஜஸை வானத்தில் தொட்டுப் பார்த்தது அப்படித்தான். 1998 மே மாதம் பொக்ரான் அணு வெடிப்பு நடந்ததும் அமெரிக்கா தடை விதித்தது. கூட்டு வேலை நின்றது, அங்கே இருந்த இந்தியப் பொறியாளர்கள் திரும்பி வந்தார்கள். மிச்சம் எல்லாம் பெங்களூரிலேயே முடிந்தது. 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் முதல் தேஜஸை ஹெச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து கிளப்பி 18 நிமிடம் பறந்து இறக்கினார். ஒரு புது விமானம், அதுவும் நிலைப்பில்லாதது, முதல் நாளே கணினியை முழுக்க நம்பிக் கிளம்ப வேண்டும். பாதி நம்பிக்கை என்று ஒன்று அங்கே கிடையாது. பின்னாளில் கோவைக்குப் பக்கத்துச் சூலூரில் இரண்டு படைப்பிரிவுகள் அதை வைத்திருந்தன. 2020 ஜனவரி 11 அன்று கமோடோர் ஜெய்தீப் மாவலன்கர் அதன் கடற்படை வடிவத்தை விக்ரமாதித்யா கப்பலின் தளத்தில் இறக்கினார். ஆடும் கப்பலில், கம்பியைப் பிடித்து நிற்கும் தூரத்துக்குள் இறக்குவதற்குக் கை எவ்வளவு உழைக்கலாம் என்பதைப் பறக்கும் குணத்தின் கடைசிப் பரீட்சை என்றே சொல்வேன்.

ஓய்வுக்குப் பிறகு வட்டவளைக்குப் போயிருந்தேன். அத்தை மகன் குடும்பம் இன்னும் அங்கேதான். அவருடைய மகள் ஹட்டனில் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இணைந்த கணிதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஊஞ்சல் போல் ஆடும் இயக்கத்துக்கு எதற்கு இத்தனை வகைக்கெழு என்று கேட்டாள். ஃபுகாய்டின் கணக்கை அவள் கொப்பியிலேயே போட்டுக் காட்டினேன். வேகத்தைக் கொடுத்ததும் வினாடி வருவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப மாமா, அந்த ஏழு கன்னிமலை பிளேன், சொன்னபடி கேட்காமத்தான் மோதிச்சா?"

"இல்லம்மா. சொன்னபடி கேட்டுத்தான் மோதிச்சு."

விசாரணை அறிக்கை சொன்ன காரணத்தை அவளுக்கு விளக்கினேன். தாங்கள் விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று விமானிகள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். டாப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பிப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். இறங்கு என்றார்கள், இறங்கியது. மூக்கைப் பிடி என்றிருந்தால் பிடித்திருக்கும். எங்கள் சமன்பாட்டில் காற்று, எடை, இழுவை, உந்துவிசை எல்லாம் இருக்கின்றன, மலை இல்லை. மலைக்கு வேறு கருவி வேண்டும். ஏழு கன்னிமலை விபத்துக்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவிலும் ஒரு பயணிகள் விமானம் இதே போல் வாஷிங்டனுக்கு அருகே மலையில் மோதியது. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் கட்டாயமாக்க அந்த நாட்டு விமானத் துறை அந்த மாதமே ஆணையிட்டது.

"அப்ப ஒங்க கணக்குல அது சேராதா?"

"என் கணக்குல அது 1. ஒரு குறையும் இல்லாத விமானம்."

அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும் பிடித்துச் சொல்லவில்லை. ஆனால் தொழிலின் எல்லையை மறைத்துச் சொல்வது தப்பு. பறக்கும் குணம் பைலட்டின் கையைத் தொந்தரவிலிருந்து விடுவிக்கும். விடுவித்த கவனத்தை அவர் எதில் வைக்கிறார் என்பது வேறு துறை. அந்தக் கவனத்தை மிச்சம் பிடித்துக் கொடுப்பதற்காகத்தான் 0.10 வினாடிக்காகச் சண்டை போட்டோம் என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

இப்போது கல்லூரி முடித்த பிள்ளைகள் சிமுலேஷன் மென்பொருளோடு வருகிறார்கள். நாங்கள் வாரக்கணக்கில் கையால் இழுத்த கணக்கு அவர்களுக்கு ஒரு மதிய வேளை. ஆட்டங்களின் எண்களை வரிசையாக அடுக்கி, எல்லாம் முதல் தரம் என்று பச்சை நிறத்தில் காட்டுவார்கள். நல்லதுதான். அவர்களுக்கு நான் கொடுத்த பழக்கம் ஒன்றே ஒன்று. பைலட் அறைக்குள் வந்ததும் வரைபடத்தைத் திருப்பி வைத்துவிடு, அவரை முழுசாகப் பேச விடு, எண்ணைக் கடைசியில் கேள். பச்சையைப் பார்த்த பைலட் தன் எரிச்சலைச் சுருக்கிக்கொள்வார். கூப்பர்–ஹார்ப்பர் தாளில் வெறும் 4 என்று மட்டும் எழுதி வந்தால் நான் வாங்கியதில்லை. எந்த வேலையில், எந்த இடத்தில், கை என்ன செய்தது என்று அதன் கீழே நான்கு வரி இருந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. அதைப் படித்த பிறகே எந்த வடிப்பானைத் திறப்பது, எந்தக் குணகத்தைத் தொடுவது என்று பேச்சைத் தொடங்குவோம்.